கொடுமுடி கோகிலம்

பங்குனி மாதம் வந்துவிட்டால் கொடுமுடி காவிரிக் கரையில் கூட்டம் கூடிவிடும். கொங்கு நாட்டின் பல ஊர்களிலிருந்து பக்தர்கள் வருவார்கள். ஆற்றில் குளிப்பார்கள். குடத்தில் தீர்த்தம் எடுப்பார்கள். காவடியில் கட்டித் தோளில் சுமப்பார்கள். கொளுத்தும் வெயிலில் பழனி மலைக்கு நடப்பார்கள். கோடையில் முருகனைக் குளிர வைக்கக் காவிரித் தண்ணீர் கொண்டு போவது கொங்கு நாட்டு வழக்கம்.

முருகன் பாட்டு என்றதும் தமிழ் மக்களின் நினைவுக்கு வரும் ஒரு குரல் உண்டு. கணீரென்ற பெண் குரல். உச்சிக்குப் போனாலும் உடையாத குரல். கோயில் விழாவுக்கு ஒலிபெருக்கி கட்டினால் முதலில் அந்தக் குரலைத்தான் தேடுவார்கள். அந்தக் குரலுக்கு உரியவரும் இதே கொடுமுடியில் பிறந்தவர்தான். கொடுமுடி கோகிலம் என்று மக்கள் அழைத்த கே.பி.சுந்தராம்பாள் அவர்.

இதில் ஒரு விந்தை இருக்கிறது. சுந்தராம்பாள் 25 வயதிலே கணவரை இழந்தவர். கைம்பெண் எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று பயணத்தையே நிறுத்திய காலம் அது. கல்யாணப் பந்தலில் அவளுக்கு இடம் இல்லை. அந்தச் சமுதாயமே ஒரு கைம்பெண்ணின் குரலை மங்கலக் குரலாக ஏற்றுக்கொண்டது!

இது எப்படி நடந்தது? அம்மையாரின் வாழ்க்கையே அதற்குப் பதில்.

பசித்த பிள்ளை

கொடுமுடி பழைய ஊர். காவிரிக் கரையில் மகுடேசுவரர் கோயில் இருக்கிறது. தேவாரம் பாடிய சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய தலம் அது. இப்போது ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது.

அந்த ஊரில் 1908-ம் ஆண்டு அக்டோபர் மாதம் சுந்தராம்பாள் பிறந்தார். தாயார் பெயர் பாலாம்பாள். கே.பி. என்ற எழுத்துக்களில் "கே" கொடுமுடியைக் குறிக்கும். "பி" தாயாரைக் குறிக்கும். தமிழ்நாட்டில் பெரும்பாலோர் தந்தையின் பெயரை முதல் எழுத்தாக வைப்பார்கள். சுந்தராம்பாளின் பெயரில் ஊரும் தாயுமே முன்னே நின்றார்கள்.

குடும்பம் ஏழ்மையில் இருந்தது. குருவை வைத்துச் சங்கீதம் சொல்லித்தர வீட்டில் வசதி இல்லை. ஆனால் குரல் இருந்தது. கோயிலில் கேட்ட பாட்டு, திருவிழாவில் கேட்ட பாட்டு, எதுவானாலும் குழந்தை அப்படியே திருப்பிப் பாடும். அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் வியந்தார்கள். அவளை நாடகக் கம்பெனியில் சேர்த்துவிட்டார்கள்.

வேலு நாயரின் நாடகக் கம்பெனியில் அவருக்குக் கிடைத்த முதல் வேடம் 'நல்லதங்காள்' நாடகத்தில் வரும் மூத்த பிள்ளை. பஞ்சத்தில் அடிபட்டுப் பசியால் துடிக்கும் பையன் அவன். பசிக்கிறது என்று தாயிடம் அழுது பாட வேண்டும். பசி என்றால் என்ன என்பதை அந்தச் சிறுமிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கொட்டகையில் இருந்தவர்கள் கண் கலங்கினார்கள்.

ஒலிபெருக்கி இல்லாத நாள்

அந்த நாளில் நாடக மேடையில் ஒலிபெருக்கி கிடையாது. கொட்டகையில் நூற்றுக்கணக்கில் ஜனங்கள் உட்கார்ந்திருப்பார்கள். கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரர் காதிலும் பாட்டு விழ வேண்டும். விழாவிட்டால் சீட்டி அடிப்பார்கள். நடிக்க வந்தவர் முதலில் பாடத் தெரிந்தவராக இருக்க வேண்டும். இரவு 10 மணிக்கு ஆரம்பிக்கும் நாடகம் விடியும் வரை நடக்கும்.

அந்தப் பள்ளியில் படித்த குரல் சுந்தராம்பாளின் குரல். பாட்டின் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழும். படிப்பு இல்லாத விவசாயிக்கும் பொருள் புரியும். சங்கீத சபைகளில் தெலுங்குக் கீர்த்தனைகள் ஆட்சி செய்த காலம் அது. நாடகக் கொட்டகையில் மட்டும் தமிழ்ப் பாட்டு குறையவே இல்லை. தமிழ் இசைக்காக 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. அதற்குப் பல ஆண்டுகள் முன்னாலேயே சுந்தராம்பாள் போன்றவர்கள் ஊர் ஊராகத் தமிழில் பாடிக்கொண்டிருந்தார்கள். பின்னாளில், 1966-ல், அந்தச் சங்கமே அவருக்கு இசைப் பேரறிஞர் என்ற பட்டம் வழங்கியது.

கிட்டப்பாவும் சுந்தராம்பாளும்

நாடகக் கம்பெனிகள் கடல் கடந்து இலங்கைக்கும் போகும். கொழும்பில் தமிழ் நாடகத்துக்கு நல்ல வரவேற்பு. அங்கேதான் சுந்தராம்பாளும் எஸ்.ஜி.கிட்டப்பாவும் சேர்ந்து நடிக்கத் தொடங்கினார்கள்.

கிட்டப்பா செங்கோட்டைக்காரர். நாடக உலகின் முடிசூடா மன்னர். அவர் பாட்டைக் கேட்கவே ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். அவரோடு நின்று பாடிப் பெயர் எடுப்பது லேசான காரியம் அல்ல. சுந்தராம்பாள் எடுத்தார். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் அவர் வேலன், இவர் வள்ளி. இருவரும் போட்டி போட்டுப் பாடுவார்கள். கொட்டகை அதிரும்.

மேடையில் தொடங்கிய நட்பு வாழ்க்கையிலும் தொடர்ந்தது. 1927-ல் இருவருக்கும் திருமணம் நடந்தது. கிட்டப்பா வேறு ஜாதி. ஏற்கெனவே மணமானவர். ஆகையால் அந்த வாழ்க்கையில் இன்பமும் இருந்தது, துன்பமும் இருந்தது. சில காலம் பிரிந்தும் இருந்தார்கள். ஆனாலும் சுந்தராம்பாளின் மனத்தில் வேறு எவருக்கும் இடம் இல்லை.

1933-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி கிட்டப்பா நோயால் காலமானார். அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

வெள்ளைச் சேலை

கொங்கு நாட்டில் கணவனை இழந்த பெண் வெள்ளைச் சேலை உடுத்துவது வழக்கம். சுந்தராம்பாளும் வெள்ளைக்கு மாறினார். அதுவும் கதர் வெள்ளை. நகைகளைக் கழற்றினார். நெற்றியில் திருநீறு மட்டும் மிஞ்சியது. இனி எந்த ஆண் நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார். அந்த முடிவைக் கடைசி நாள் வரை அவர் மாற்றவில்லை.

வழக்கம் அவரிடம் இன்னொன்றையும் கேட்டது. வீட்டுக்குள் இரு, வெளியே வராதே, பாடாதே என்றது.

அதற்கு அவர் இணங்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அம்மையார் வழக்கத்தை எதிர்த்துக் கூட்டம் போட்டுப் பேசவில்லை. தனக்கு எது சரி என்று பட்டதோ அதை வைத்துக்கொண்டார். வெள்ளைச் சேலை அவர் அன்பின் அடையாளம். அதை வைத்துக்கொண்டார். குரல் தெய்வம் கொடுத்தது. அதையும் வைத்துக்கொண்டார். ஒன்றுக்காக மற்றொன்றை விட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஒரு லட்ச ரூபாய்

அப்போது சினிமா பேசத் தொடங்கியிருந்த சமயம். அசன்தாஸ் என்ற படமுதலாளி 'நந்தனார்' கதையைப் படம் எடுக்க விரும்பினார். நந்தனாராக நடிக்க அவர் தேடி வந்தது சுந்தராம்பாளை!

அம்மையாருக்குச் சினிமாவில் விருப்பம் இல்லை. வந்தவரைத் திருப்பி அனுப்புவதற்காகவே ஒரு லட்ச ரூபாய் கேட்டார் என்று சொல்வார்கள். 20, 30 ரூபாய் மாதச் சம்பளத்தில் குடும்பங்கள் நடந்த காலம் அது. ஆனால் அசன்தாஸ் சம்மதித்துவிட்டார். நாடெங்கும் அதே பேச்சு.

1935-ல் படம் வெளிவந்தது. பெண் ஒருவர் ஆண் வேடத்தில் நந்தனாராக நின்றார். வேதியராக நடித்தவர் பெரிய சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாதய்யர். படத்தைப் பலர் குறை கூறினார்கள். எழுத்தாளர் கல்கி கேலியாகவே விமரிசனம் எழுதினார். ஆனால் பாட்டைக் குறை சொல்ல யாராலும் முடியவில்லை.

நந்தனார் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவர் தீண்டாதார் எனப்பட்ட குலத்தில் பிறந்தவர். சிதம்பரம் போய் நடராஜரைப் பார்க்க வேண்டும் என்று ஏங்கியவர். நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று சொல்லியே நாளைக் கழித்தவர். பெரிய புராணம் அவரைத் திருநாளைப்போவார் என்று போற்றுகிறது. 19-ம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அதைக் கீர்த்தனைகளாகப் பாடினார். கொடுமை செய்யும் வேதியர் என்ற பாத்திரத்தைச் சேர்த்தவரும் அவரே. கதையின் முடிவில் அந்த வேதியரே நந்தனாரின் பெருமையை உணர்கிறார்.

படம் வந்த 1935-ல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அரிசனங்கள் போக முடியாது. 1936-ல்தான் திருவாங்கூர் மகாராஜா தம் நாட்டுக் கோயில்களை எல்லோருக்கும் திறந்துவிட்டார். மதுரையில் வைத்தியநாதய்யர் 1939-ம் ஆண்டு ஜூலை 8-ந் தேதி ஆலயப் பிரவேசம் நடத்தினார். அதற்கு 4 ஆண்டுகள் முன்பே, கோயிலுக்குள் விடப்படாத ஒருவனின் ஏக்கத்தை, மங்கல மேடையில் விடப்படாத ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தார்.

தனி நின்ற பெண்கள்

அதன் பிறகு அம்மையார் நடித்த வேடங்களை வரிசையாகப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும்.

1940-ல் 'மணிமேகலை'. அரசகுமாரன் விரும்பியும் மணக்காமல் துறவு பூண்ட பெண் அவள். கையில் அமுதசுரபியை ஏந்தி ஏழைகளின் பசியைத் தீர்த்தவள். பசித்த பிள்ளையாக மேடை ஏறியவர், பசி தீர்க்கும் பெண்ணாகத் திரையில் நின்றார்.

1953-ல் ஜெமினி எஸ்.எஸ்.வாசன் எடுத்த 'ஔவையார்'. ஔவை கல்யாணம் வேண்டாம் என்று பிள்ளையாரிடம் வேண்டி முதுமையைப் பெற்றவள் என்பது கதை. கோலை ஊன்றிக்கொண்டு தனியாக நாடு முழுவதும் நடந்தவள். அரசர்களுக்கே புத்தி சொன்னவள். இந்தப் படத்துக்குப் பிறகு குழந்தைகள் மனத்தில் ஔவை என்றால் சுந்தராம்பாளின் முகம்தான்.

1964-ல் 'பூம்புகார்'. இதில் அவர் கவுந்தி அடிகள் என்ற சமணப் பெண்துறவி. கண்ணகிக்கும் கோவலனுக்கும் வழித்துணையாக மதுரைக்கு நடந்தவர். படத்துக்கு வசனம் எழுதியவர் மு.கருணாநிதி. அவர் பகுத்தறிவுக் கட்சிக்காரர். அம்மையார் முருக பக்தர். தெய்வம் எங்கே போயிற்று என்று கேட்கும் ஓர் அடியை அம்மையார் பாடத் தயங்கினார். அவர் மனம் நோகாதபடி அந்த அடி மாற்றப்பட்டது. இருவரும் தங்கள் கொள்கையை விடவில்லை. ஆனால் ஒருவரை ஒருவர் மதித்தார்கள். படமும் வெற்றி பெற்றது.

1965-ல் 'திருவிளையாடல்'. மீண்டும் ஔவை. கோபித்துக்கொண்டு மலை ஏறிய பாலமுருகனைச் சமாதானம் செய்யும் பாட்டி. அந்தக் காட்சியில் அவர் பாடியதைத் தமிழர்கள் இன்றும் மறக்கவில்லை.

1973-ல் 'காரைக்கால் அம்மையார்'. கணவனால் கைவிடப்பட்ட பெண் அவர். அழகிய உடம்பை உதறிவிட்டுப் பேய் வடிவம் கேட்டுப் பெற்றவர். 63 நாயன்மார்களில் 3 பேர்தான் பெண்கள். அவர்களில் காரைக்கால் அம்மையாருக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. கோயில் பிரகாரத்தில் மற்றவர்கள் வரிசையாக நிற்பார்கள். அவர் மட்டும் உட்கார்ந்திருப்பார்.

மணிமேகலை, ஔவை, கவுந்தி அடிகள், காரைக்கால் அம்மையார். நால்வரும் கணவன் துணை இல்லாமல் தனியாக நின்றவர்கள். தமிழர்கள் நால்வரையும் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள்.

வழக்கமும் மரபும்

தனியாக நிற்கும் பெண் மங்கலம் அல்ல என்பது ஊர் வழக்கம். அப்படி நின்ற பெண்களைத் தாய் என்றும் அடிகள் என்றும் அம்மை என்றும் வணங்குவது தமிழ் மரபு. வழக்கமும் மரபும் ஒன்றே என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அவை ஒன்று அல்ல. வழக்கம் என்பது நாலு பேர் இன்று சொல்வது. மரபு என்பது பல தலைமுறைகள் பாடி, கேட்டு, பாதுகாத்து வைத்தது. வழக்கம் ஒரு கதவைச் சாத்தும்போது மரபில் வேறொரு கதவு திறந்தே இருக்கும். தேடுகிறவர்களுக்கு அது அகப்படும். சுந்தராம்பாளுக்கு அகப்பட்டது.

ஆனால் ஒரு கேள்வி எழலாம். அம்மையார் பெரிய பாடகி. பணமும் புகழும் இருந்தன. அவரை மக்கள் கும்பிட்டார்கள். அதே காலத்தில் கொடுமுடியிலும் காங்கேயத்திலும் தாராபுரத்திலும் எத்தனையோ இளம் கைம்பெண்கள் அடுப்படி இருட்டிலே காலம் கழித்தார்கள். ஒலிபெருக்கியில் அம்மையாரின் பாட்டைக் கேட்டுக்கொண்டே, எதிரே வந்த சொந்தத் தங்கையைச் சகுனத் தடை என்று ஒதுக்கியவர்களும் உண்டு. அவர்களுக்கு அம்மையாரால் என்ன பயன்?

நியாயமான கேள்விதான். ஒரு பாட்டால் உலகம் மாறிவிடாது. சட்டம் வேண்டும். படிப்பு வேண்டும். வேலை வேண்டும். ஆனால் வீட்டில் ஒதுக்கப்பட்ட பெண் திண்ணை ஓரத்தில் நின்று அந்தக் குரலைக் கேட்டாள். பாடுகிறவளும் தன்னைப் போலத்தான் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் குரலுக்காக ஊரே காத்திருக்கிறது என்பதும் தெரியும். அது சிறிய காரியம் அல்ல.

நாட்டுப் பணி

சுந்தராம்பாள் சினிமாவோடு நின்றுவிடவில்லை. சுதந்திரப் போராட்டக் காலத்தில் காங்கிரஸ் மேடைகளில் பாடினார். அவரைத் தேச சேவையில் ஊக்குவித்தவர் தீரர் சத்தியமூர்த்தி. தலைவர் பேசுவதற்கு முன் அம்மையார் பாடுவார். பேச்சு புரியாதவர்களுக்கும் பாட்டு புரியும். அவர் வருகிறார் என்றாலே கூட்டம் சேர்ந்துவிடும்.

1951-ல் அவர் சென்னைச் சட்ட மேலவை உறுப்பினர் ஆனார். இந்தியாவிலே சட்டசபையில் இடம் பெற்ற முதல் திரைப்படக் கலைஞர் என்று அவரைக் குறிப்பிடுவார்கள். ஏழ்மையில் வளர்ந்த கொடுமுடிச் சிறுமி, சட்டம் செய்யும் மன்றத்தில் போய் உட்கார்ந்தார். அங்கேயும் அதே வெள்ளைக் கதர், அதே திருநீறு.

கோவைக்காரரான சாண்டோ சின்னப்பா தேவர் 1969-ல் 'துணைவன்' என்ற படத்தை எடுத்தார். தேவரும் முருக பக்தர். அந்தப் படத்தில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகி என்ற தேசிய விருது சுந்தராம்பாளுக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு 60 வயது தாண்டிவிட்டது. அந்த வயதிலும் குரலில் நடுக்கம் இல்லை. 1970-ல் இந்திய அரசு பத்மஸ்ரீ பட்டம் வழங்கியது.

எவ்வளவு உயர்ந்தாலும் அவர் கொடுமுடியை மறக்கவில்லை. சொந்த ஊரில் ஒரு சினிமாக் கொட்டகை கட்டினார். பெயருக்கு முன்னால் இருந்த ஊர் கடைசி வரை அவர் நெஞ்சிலும் இருந்தது.

குடமும் தண்ணீரும்

1980-ல் கே.பி.சுந்தராம்பாள் காலமானார். கிட்டப்பா மறைந்து 46 ஆண்டுகளுக்கு மேல் அவர் வெள்ளைச் சேலையில் வாழ்ந்துவிட்டார்.

பங்குனி வந்தால் கொடுமுடியில் இப்போதும் தீர்த்தம் எடுக்கிறார்கள். போன வருஷத்துத் தண்ணீரை யாரும் சேர்த்து வைப்பதில்லை. வருஷந்தோறும் புதிதாக மொள்ள வேண்டும். புதிதாகச் சுமக்க வேண்டும். தாத்தா நடந்த வழியில் பேரன் தன் சொந்தக் காலால் நடக்க வேண்டும். குடம் மாறலாம். மண் குடம் போய்ப் பித்தளைக் குடம் வரலாம். பித்தளை போய் வேறு வரலாம். தண்ணீர் பழனிக்குப் போய்ச் சேர்ந்தால் போதும்.

மரபும் அப்படித்தான். சுந்தராம்பாள் கையில் அது நாடகக் கொட்டகையிலிருந்து இசைத்தட்டுக்குப் போயிற்று. அங்கிருந்து சினிமாவுக்கும் ஒலிபெருக்கிக்கும் போயிற்று. சுமந்தவர் ஒரு கைம்பெண் என்பதால் தீர்த்தத்தின் தூய்மை குறைந்துவிடவில்லை.

இனி ஒரு வீட்டில் கல்யாணப் பந்தல் போட்டு, காலையில் அந்தக் குரலை ஒலிக்கவிடும்போது, வீட்டுக்குள் ஒதுங்கி நிற்கும் அத்தையையோ பெரியம்மாவையோ பந்தலுக்கு அழைத்து முன் வரிசையில் உட்கார வைக்கலாம். கொடுமுடி கோகிலத்துக்குச் செய்யும் மரியாதை அதுவே.